மலைக்குப் போகிறீர்களா? ஒரு சோப்பு போதும்!

தை மாதம் பிறந்துவிட்டால் பழனிச் சாலையைப் பாருங்கள். சாலை ஓரம் முழுவதும் மனிதத் தலைகள்தான். செட்டிநாட்டில் இருந்து காவடி எடுத்து வருகிறவர்கள் ஒரு பக்கம். மற்ற ஊர்களில் இருந்து வருகிறவர்கள் ஒரு பக்கம். நாள் கணக்கில் நடக்கிறார்கள்.

கார்த்திகை பிறந்தால் சபரிமலைக் கூட்டம். எருமேலியில் இருந்து பெரிய பாதையில், காடும் மேடும் கடந்து போகிறார்கள்.

இவர்கள் போதாது என்று இப்போது புதிதாக ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. இவர்கள் இமயமலை ஏறுகிறவர்கள். கேதார்நாத் போகிறார்கள். நேபாளத்தில் எவரெஸ்ட் சிகரத்தின் அடிவார முகாம் வரை நடந்துவிட்டு வருகிறார்கள். போக வர 12 நாள், 14 நாள் ஆகிறது. நம் ஊர் மலைகளில் நடப்பதற்கும் தமிழ்நாடு அரசு 2024-ம் ஆண்டில் 40 பாதைகளைத் திறந்துவிட்டது.

நல்லது. நடக்கட்டும். நடந்தால் உடம்புக்கும் நல்லது, மனதுக்கும் நல்லது.

ஆனால் இத்தனை பேருக்கும் பொதுவாக ஒரு தொல்லை உண்டு. அதுதான் அழுக்குத் துணி!

பத்து நாள் நடக்கப் போகிறோம் என்றால் பத்து ஜோடித் துணி எடுத்துப் போக முடியுமா? முடியாது. வழியில் துவைத்துத்தான் ஆகவேண்டும். எதைக் கொண்டு துவைப்பது? எங்கே துவைப்பது? யார் துவைப்பது?

சின்னக் கேள்விகள்தான். ஆனால் இந்த மூன்றுக்கும் சரியான பதில் தெரியாததால், நம் தோளும் வலிக்கிறது, ஆறும் கெடுகிறது, வீட்டுப் பெண்ணின் இடுப்பும் ஒடிகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சோப்பு போதும். அந்த ஒரு சோப்பும் ஆற்றுக்குள் இறங்கக் கூடாது. அவரவர் துணியை அவரவர் துவைக்கவேண்டும்.

பைக்குள் ஒரு சோப்புக் கடை!

மலைக்குப் புறப்படும் ஒருவரின் பையைத் திறந்து பாருங்கள். குளிக்க ஒரு சோப்பு. முகத்துக்கு வேறு ஒன்று. தலைக்கு ஷாம்பு. துணிக்கு ஒரு பாக்கெட் சலவைத் தூள். தட்டு, டம்ளர் கழுவ இன்னொன்று. கை கழுவ ஒரு சின்னப் புட்டி. பைக்குள் ஒரு சோப்புக் கடையே இருக்கிறது!

இதில் பாதி, வழியிலேயே பை உள்ளே கொட்டிவிடும். ஷாம்பு கசிந்து மாற்றுத் துணி எல்லாம் பிசுபிசு என்று ஆகிவிடும். தூள் பாக்கெட் ஈரம் பட்டுக் கட்டியாகிவிடும். காலியான பாக்கெட்டைப் பாதையில் வீசிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அந்தப் பிளாஸ்டிக்கை மான் தின்னும், மாடு தின்னும்.

ஒரு கட்டி சோப்பில் இந்தத் தொல்லை இல்லை. கசியாது, கொட்டாது. விமானத்தில் போனாலும் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். 100 மில்லிக்கு மேற்பட்ட திரவப் புட்டியைக் கைப்பையில் வைத்தால், வெளிநாட்டுப் பயணத்தில் பல விமான நிலையங்களின் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். கட்டி சோப்புக்கு அந்தத் தடை கிடையாது.

"ஒரு புட்டி என்ன பெரிய கனமா?" என்று கேட்கலாம். முதல் நாள் கனம் தெரியாது. மூன்றாவது நாள், நாலாவது மைலில் தெரியும்!

அமெரிக்காவில் அப்பலாச்சியன் நடைபாதை என்று ஒன்று இருக்கிறது. மலை மேலேயே 3,500 கிலோமீட்டர் போகும் பாதை. 1955-ம் ஆண்டில் எம்மா கேட்வுட் என்ற பாட்டி அந்தப் பாதை முழுவதையும் தன்னந்தனியாக நடந்து முடித்தார். அப்போது அவருக்கு வயது 67. பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். தோளில் அவர் போட்டிருந்தது, தானே தைத்த துணிப் பை. காலில் சாதாரணக் கான்வாஸ் செருப்பு. மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை ஒன்று. அவ்வளவுதான்!

சுமை குறைந்தால் தூரம் குறையும். பாட்டிக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

வேர்வையில் என்ன இருக்கிறது?

சோப்பு எதற்கு என்று தெரிந்தால், எவ்வளவு சோப்பு வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

நடப்பவனின் துணியில் சேருவது மூன்று. ஒன்று உப்பு. இன்னொன்று உடம்பு எண்ணெய். மூன்றாவது தூசி.

வேர்வைக்குத் தானாக நாற்றம் கிடையாது. தோலில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வேர்வையில் உள்ள பொருள்களைத் தின்று சிதைக்கின்றன. அப்போதுதான் நாற்றம் பிறக்கிறது.

உப்பு, தண்ணீரில் கரையும். வெறும் தண்ணீரில் நன்றாக அலசினாலே போய்விடும். அதற்கு சோப்பு வேண்டியதில்லை.

எண்ணெய்தான் தண்ணீரில் கரையாது. அதற்குத்தான் சோப்பு. எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சினால் சோப்பு கிடைக்கும். சோப்பின் ஒவ்வொரு அணுத்திரளுக்கும் இரண்டு முனை. ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும். மறு முனை தண்ணீரைப் பிடிக்கும். தண்ணீர் ஓடும்போது எண்ணெயையும் இழுத்துக்கொண்டு ஓடும். இதுதான் சோப்பின் ரகசியம்.

அப்படியானால், தினமும் முழுத் துணிக்கும் சோப்பு போட வேண்டுமா? வேண்டாம். அக்குள், கழுத்துப் பட்டி, தொடை இடுக்கு, காலுறை, உள்ளாடை. இந்த ஐந்து இடத்துக்குப் போட்டால் போதும். மற்ற இடத்துக்குத் தண்ணீர் போதும்.

துவைக்காமலே நடந்தால் என்ன? வேர்வை காய்ந்து உப்பு படியும். அந்த உப்புப் படிந்த துணி, தொடையில் மணல் காகிதம் போல் உராயும். தோல் சிவக்கும், எரியும், புண்ணாகும். ஈரத் துணியிலேயே நாள் முழுவதும் இருந்தால் படர்தாமரை வரும். அழுக்குக் காலுறையோடு நடந்தால் கொப்புளம் வரும். பாதி வழியில் பஸ் ஏறித் திரும்ப வேண்டியதுதான்! ஆகவே துவைப்பது அழகுக்காக அல்ல. நடை முடிய வேண்டும் என்பதற்காக.

எந்த சோப்பு?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரே சோப்பு என்றதும் துணி சோப்பை எடுத்துக்கொள்கிறார்கள். அதையே உடம்புக்கும் தேய்க்கிறார்கள். தவறு!

ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: குளியல் சோப்பால் துணி துவைக்கலாம், துணி சோப்பால் குளிக்கக் கூடாது.

துணி சோப்பிலும் சலவைத் தூளிலும் காரம் அதிகம். சலவைச் சோடாவும் வேறு பொருள்களும் கலந்திருக்கும். துணி தாங்கும், தோல் தாங்காது. குழந்தைகளின் தோல் கொஞ்சமும் தாங்காது.

குளியல் சோப்பு வாங்கும்போது மேலுறையைப் படியுங்கள். டி.எஃப்.எம். என்று ஒரு எண் போட்டிருக்கும். சோப்பில் எத்தனை பங்கு கொழுப்புப் பொருள் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். இந்தியத் தர அளவுப்படி, 76 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம். 70 இருந்தால் இரண்டாம் தரம். 60 இருந்தால் மூன்றாம் தரம். எண் பெரிதாக இருந்தால் சோப்பு நல்லது. சீக்கிரம் கரைந்தும் போகாது. வாசனையையும் மேலுறைப் படத்தையும் பார்த்து ஏமாறாதீர்கள். எண்ணைப் பாருங்கள்.

பல வேலைக்கும் ஒரே சோப்பு என்பதை உலகம் முழுவதும் பரப்பியவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் எமானுவேல் பிரானர். ஜெர்மனியில் சோப்பு செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். 1929-ம் ஆண்டில் அமெரிக்கா போனார். அவருடைய பெற்றோர் நாஜிகளின் சிறை முகாம்களில் மாண்டார்கள். மனம் நொந்த பிரானர், மனிதர் எல்லாரும் ஒரே குடும்பம் என்று ஊர் ஊராகப் பேச ஆரம்பித்தார். கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு சோப்பு கொடுத்தார். வந்தவர்கள் சோப்பை வாங்கிக்கொண்டு, பேச்சைக் கேட்காமல் போனார்கள்! பார்த்தார் பிரானர். பேச்சு முழுவதையும் புட்டியின் சீட்டிலேயே பொடி எழுத்தில் அச்சடித்துவிட்டார். 18 வேலைக்கு இந்த ஒரே சோப்பு என்றும் அதில் போட்டார். தண்ணீர் கலந்து மட்டாக உபயோகிக்க வேண்டும் என்பதையும் அந்தச் சீட்டே திரும்பத் திரும்பச் சொல்கிறது. இன்றும் மேல்நாட்டு மலைப் பயணிகள் பலர் அந்த சோப்பைத்தான் எடுத்துப் போகிறார்கள்.

நமக்கு அந்த விலை உயர்ந்த சோப்பு வேண்டும் என்பதில்லை. பக்கத்துக் கடையில் கிடைக்கும் நல்ல குளியல் சோப்பே போதும். ஒரு கட்டியைக் கத்தியால் இரண்டாக வெட்டுங்கள். ஒருவருக்கு ஒரு வாரத்துக்குப் பாதிக் கட்டி தாராளம்.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். நம் ஊர் ஆழ்குழாய்க் கிணறுகளில் பல இடங்களில் உப்புத் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது. வெள்ளையாகத் திரிந்து துணியில் படியும். மலை ஓடைத் தண்ணீர் பெரும்பாலும் அப்படி இல்லை. கொஞ்சம் தேய்த்தாலே பொங்கி நுரைக்கும். ஆகவே வீட்டில் போடும் சோப்பில் கால் பங்கு போட்டால் போதும். அதிகம் போட்டால் அலசி முடியாது. அலசாத சோப்பு துணியிலேயே தங்கி, மறுநாள் வேர்வையோடு சேர்ந்து அரிப்பைத் தரும்.

எந்தத் துணி?

சமவெளியில் நடக்கப் பருத்தி சுகம். வேர்வையை உறிஞ்சும். ஆனால் காய நேரம் ஆகும்.

பாலியெஸ்டர் சீக்கிரம் காயும், கனமும் குறைவு. ஆனால் வேர்வை நாற்றம் பருத்தியைவிட அதிகமாகப் பிடித்துக்கொள்ளும்.

குளிர் மலையில் பருத்தி ஆகாது. ஈரமான பருத்தி உடம்புச் சூட்டை இழுத்துவிடும். குளிர் ஏறினால் உயிருக்கே ஆபத்து. அங்கே கம்பளி நல்லது. கம்பளி ஈரத்திலும் கொஞ்சம் சூடு காக்கும். பல நாள் போட்டாலும் லேசில் நாறாது. ஆனால் கம்பளிக்குக் காரம் ஆகாது, வெந்நீரும் ஆகாது. பச்சைத் தண்ணீரில், மிகக் கொஞ்சம் சோப்பில், கசக்காமல் அமுக்கி எடுக்கவேண்டும். முறுக்கினால் உருமாறிப் போகும்.

மழைக் கோட்டு, இறகு அடைத்த குளிர்ச் சட்டை இரண்டையும் வழியில் துவைக்காதீர்கள். சோப்புப் படிவு தங்கினால் மழைக் கோட்டில் தண்ணீர் ஒட்ட ஆரம்பிக்கும். இறகு கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

எப்படித் துவைப்பது?

கல் வேண்டாம், வாளி வேண்டாம். கெட்டியான பெரிய பிளாஸ்டிக் பை ஒன்று போதும். அதைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம்.

பைக்குள் துணியைப் போடுங்கள். நாலைந்து குவளை தண்ணீர் ஊற்றுங்கள். அழுக்கான ஐந்து இடத்திலும் சோப்பை லேசாகத் தேய்த்துவிடுங்கள். பையின் வாயை இறுக்கிப் பிடித்து ஐந்து நிமிஷம் குலுக்குங்கள். பத்து நிமிஷம் ஊற விடுங்கள். மறுபடியும் குலுக்குங்கள். அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீர் ஊற்றி இரண்டு முறை அலசுங்கள். வேலை முடிந்தது!

இனிமேல்தான் முக்கியமான வேலை. அது காயப் போடுவது. துவைத்த துணியை ஓர் உலர்ந்த துண்டில் பரப்புங்கள். பாய் சுருட்டுவதுபோல் சுருட்டுங்கள். சுருளை இரண்டு கையாலும் முறுக்குங்கள், அல்லது காலால் மிதியுங்கள். தண்ணீரில் பெரும்பகுதியைத் துண்டு குடித்துவிடும். பிறகு கொடியில் போட்டால் சட்டை சீக்கிரம் காய்ந்துவிடும். (கம்பளியைச் சுருட்டி அமுக்கினால் போதும், முறுக்க வேண்டாம்.)

கொடிக்கு ஆறு முழம் நைலான் கயிறு. இரண்டு இழையாக முறுக்கிக் கட்டினால், முறுக்குக்குள் துணியின் ஓரத்தைச் செருகிவிடலாம். கிளிப்பு வேண்டாம், காற்றும் கொண்டு போகாது. காலையிலும் ஈரம் இருந்தால், நாலு ஊக்கு எடுத்துத் துணியைப் பையின் முதுகில் குத்திக்கொண்டு நடங்கள். வெயிலும் காற்றும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஆக, இரண்டு ஜோடித் துணியில் பத்து நாளும் நடக்கலாம். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில்.

ஆறு யாருடையது?

இனி நான் கொஞ்சம் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஆற்றைக் கண்டால் நம்மவர்களுக்குக் கை சும்மா இருக்காது. இறங்குகிறோம், சோப்பு தேய்க்கிறோம், ஷாம்பு கொட்டுகிறோம், துணி துவைக்கிறோம். சிலர் கட்டியிருந்த துணியையே ஆற்றில் விட்டுவிட்டு வருகிறார்கள்!

பம்பை ஆறு 176 கிலோமீட்டர் ஓடுகிறது. சபரிமலை அடிவாரத்தோடு அது முடிந்துவிடுவதில்லை. கீழே எத்தனையோ ஊர்களைக் கடந்து, குட்டநாட்டு வயல்களைத் தொட்டு, வேம்பநாட்டு ஏரியில் சேர்கிறது. அங்கே இருப்பவர்களும் மனிதர்கள்தானே? பம்பையில் துணிகளை விடக் கூடாது என்று கேரள உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஒரு புண்ணிய நதியைக் காக்க நீதிபதி வரவேண்டியிருக்கிறதே!

நம் தாமிரபரணியும் அப்படித்தான். பொதிகை மலையில் பிறந்து, நெல்லையையும் தூத்துக்குடியையும் தண்ணீர் குடிக்க வைக்கும் ஆறு. பாபநாசத்தில் அந்த ஆற்றில் இருந்து மூட்டை மூட்டையாகப் பழைய துணிகளை வாரி எடுக்கிறார்கள். அந்த ஆற்றோரத்தில் சோப்பு, ஷாம்பு விற்பதைத் தடுக்கச் சொல்லி 2025-ம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

சோப்பு நுரை தண்ணீரில் என்ன செய்கிறது? மீனின் செவுளைக் கெடுக்கிறது. தண்ணீரின் மேல் தோலைத் தளர்த்திவிடுகிறது. அந்த மேல் தோலில் நடந்து பிழைக்கும் பூச்சிகள் மூழ்குகின்றன. சில சலவைத் தூள்களில் பாஸ்பேட் இருக்கிறது. அது பாசிக்கு உரம். பாசி பெருகினால் தண்ணீரில் உயிர்க்காற்று குறையும். இன்னொன்றும் உண்டு. சோப்புப் படிந்த படித்துறைப் பாறை வழுக்கும். உங்களுக்குப் பின்னால் இறங்கும் கிழவரையும் குழந்தையையும் நினைத்துப் பாருங்கள்.

டில்லியில் யமுனை ஆற்றின் படத்தைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். சத் பூஜைக்கு வந்த பெண்கள், இடுப்பளவு வெள்ளை நுரைக்குள் நின்று சூரியனைக் கும்பிடுகிறார்கள். பனி போல் இருக்கிறது. ஆனால் அது பனி அல்ல. சாக்கடையும் சலவை சோப்புத் தண்ணீரும் சேர்ந்து பொங்கிய நுரை! பெங்களூர் பெல்லந்தூர் ஏரியில் 2015-ம் ஆண்டில் நுரை பொங்கி ரோட்டுக்கே வந்தது. அந்த ஏரி தீப்பிடித்தும் எரிந்தது!

"மக்கும் சோப்பு" மக்குமா?

"நான் இயற்கை சோப்பு வைத்திருக்கிறேன். மக்கும் சோப்பு என்று போட்டிருக்கிறது. அதை ஆற்றில் போட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள்.

மக்கும் என்பது உண்மைதான். ஆனால் எங்கே மக்கும்? மண்ணில்! மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று கரைக்கின்றன. அதற்கும் நாள் ஆகும். ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் அந்த வேலை நடக்கும்முன், நுரை அடுத்த ஊருக்குப் போய்விடும்.

"சீயக்காய், பூந்திக்கொட்டை?" என்று கேட்கலாம். நம் பாட்டிமார் பட்டையும் கம்பளியையும் பூந்திக்கொட்டை நுரையில்தான் அலசினார்கள். நல்ல பொருள். சோப்பை மறந்து வந்தால் அது கைகொடுக்கும். ஆனால் அதே பூந்திக்கொட்டையை இடித்துக் குட்டையில் கலக்கி, மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கமும் உண்டு. மீனுக்கு அது நஞ்சு! ஆகவே, இயற்கைப் பொருள் என்பதால் மட்டும் ஆற்றுக்கு நல்லது ஆகிவிடாது.

வழி என்ன? மிகச் சுலபம். ஆற்றில் இருந்து தண்ணீரை முகந்து எடுத்துக்கொண்டு 70 எட்டு தள்ளிப் போங்கள். ஏறத்தாழ 200 அடி. உலகம் முழுவதும் மலையேறுகிறவர்கள் கைக்கொள்ளும் கணக்கு இது. அங்கே பைக்குள் துவையுங்கள். அழுக்குத் தண்ணீரை ஒரு சாண் ஆழக் குழியிலோ, பரவலாக மண் மேலோ ஊற்றுங்கள். மண் வடிகட்டும். மண்ணே மக்க வைக்கும். சத்திரத்திலும் விடுதியிலும் சாக்கடை வசதியுள்ள குழாயடி இருந்தால், அங்கேயே துவைத்துவிடுவது இன்னும் நல்லது.

"ஊரே செய்கிறதே!"

"ஊரில் உள்ள சாயப் பட்டறையும் தொழிற்சாலையும் ஆற்றில் கொட்டுகின்றன. என் ஒரு சட்டைதான் ஆற்றைக் கெடுத்துவிட்டதா?" என்று ஒரு நண்பர் கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆலைக் கழிவைத் தடுப்பது அரசாங்கத்தின் கடமை. அதை விடாமல் கேட்போம், கேட்கவும் வேண்டும். ஆனால் மலை மேல் ஆலை இல்லை. சாயப் பட்டறை இல்லை. அங்கே ஓடையை அழுக்காக்க முடிந்தவன் ஒருவன்தான். அவன் நடந்து வருகிற மனிதன்! ஓடை சிறிது, கூட்டம் பெரிது. ஒரு சட்டை என்பது உங்கள் கணக்கு. ஒரு நாளைக்கு ஆயிரம் சட்டை என்பது ஓடையின் கணக்கு.

"ஆற்றில் முழுகாமல் கோவிலுக்குப் போவதா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். முழுகுங்கள். தாராளமாக முழுகுங்கள். சோப்பு இல்லாமல் முழுகுங்கள். புண்ணிய நீராடலுக்கு சோப்பு வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லையே!

யார் துவைப்பது?

குடும்பத்தோடு ஒரு வார யாத்திரை போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாள் முழுவதும் எல்லாரும் நடக்கிறார்கள். அம்மாவும் நடக்கிறாள். இரவு சத்திரத்துக்கு வந்ததும் அப்பா காலை நீட்டிப் படுக்கிறார். பிள்ளைகள் செல்போனைப் பார்க்கிறார்கள். அம்மா மட்டும் குழாயடியில் நிற்கிறாள். நாலு பேர் துணி. மணி பதினொன்று!

அவள் கால் மட்டும் இரும்பா?

நெடும் பயணத்தில் சட்டம் ஒன்றே ஒன்றுதான் இருக்கவேண்டும். அவரவர் துணி அவரவர்க்கு. பத்து வயதுப் பையன் தன் சட்டையைப் பைக்குள் போட்டுக் குலுக்க முடியாதா? முடியும். விளையாட்டு போலச் செய்வான். மேலே சொன்ன முறையில் ஒருவர் துணிக்கு அரை மணி நேரம் கூடப் பிடிக்காது. ஊற வைக்கும் நேரத்தில் காலையும் கழுவிக்கொள்ளலாம். நாலு பேரும் சேர்ந்து துவைத்தால் ஒன்பது மணிக்கு எல்லாரும் படுத்துவிடலாம்.

ஐயப்பனுக்கு மாலை போட்ட ஆண்கள் பலர், விரத நாள் முழுவதும் தங்கள் கறுப்பு வேட்டியைத் தாங்களே துவைத்துக்கொள்கிறார்கள். 41 நாளும் கை ஒன்றும் தேய்ந்துவிடுவதில்லை. மாலையைக் கழற்றிய மறுநாள் முதல் அந்தக் கை எங்கே போய்விடுகிறது?

மலைப் பயணம் பிள்ளைகளுக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. இதைக் கற்றுக்கொடுத்தால் போதும். தன் அழுக்கைத் தானே துவைப்பவன், அதை அடுத்தவன் குடிக்கும் தண்ணீரில் விடமாட்டான்.

துவைக்காத நாளும் உண்டு

எல்லா நாளும் துவைத்தே தீரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஈரத் துணி காயாது, விறைத்துப் பலகை ஆகிவிடும். பத்துப் பன்னிரண்டாயிரம் அடிக்கு மேல் உள்ளாடை, காலுறை இரண்டை மட்டும் நண்பகல் வெயிலில் துவைத்தால் போதும். மற்றவற்றை வெயிலில் விரித்து உதறிப் போடுங்கள். காய்ந்த சட்டை கொஞ்சம் நாறினாலும் பரவாயில்லை. ஈரச் சட்டை அங்கே எமன்!

மழை பிடித்துக்கொண்டாலும் அப்படியே. உறங்கும்போது போடும் உலர்ந்த உடுப்பு ஒன்று எப்போதும் பைக்குள் பத்திரமாக இருக்கட்டும்.

ஏழு விதிகள்

வெட்டி எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்:

1. இரண்டு ஜோடித் துணி, பாதிக் கட்டி குளியல் சோப்பு, ஒரு துண்டு, ஒரு பை, ஆறு முழம் கயிறு, நாலு ஊக்கு. இவ்வளவு போதும்.

2. உப்புக்குத் தண்ணீர், எண்ணெய்க்கு சோப்பு. ஐந்து இடத்துக்கு மட்டும் சோப்பு போடுங்கள்.

3. துணி சோப்பை உடம்பில் தேய்க்காதீர்கள்.

4. ஆற்றில் இருந்து 70 எட்டு தள்ளித் துவையுங்கள். அழுக்குத் தண்ணீர் மண்ணுக்கு.

5. இரண்டு முறை அலசுங்கள். துண்டில் சுருட்டிப் பிழியுங்கள்.

6. காலியான உறையையும் பழைய துணியையும் ஊருக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

7. அவரவர் துணி அவரவர்க்கு.

அடுத்த தைக்கு நடக்கப் போகிறவர்கள் இப்போதே ஒத்திகை பார்க்கலாம். இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லாரும் இருப்பீர்கள். ஆளுக்கு ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போங்கள். அம்மாவை ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்!